ஜெர்மனியில் வேலை தேடும் விசாவோடு இறங்கியவர்களுக்கு: லெட்டர் பாக்ஸிலிருந்து ஒப்பந்தம் வரை

2024 செப்டம்பர் முதல் வாரம் டோர்ட்முண்டில் இறங்கினேன். கையில் ஒரு வருட சான்சன்கார்ட்டே விசா (தகுதிக்குப் பாயிண்ட் போட்டு வேலை தேடத் தரும் 'வாய்ப்பு அட்டை'), இரண்டு பெட்டி, ஏ2 அளவு, அதாவது ஆரம்ப நிலை ஜெர்மன். அதற்கு முன் கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் ஆறு வருடம் குவாலிட்டி இன்ஜினியர். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது 2025 மே கடைசியில். கிட்டத்தட்ட ஒன்பது மாதம். இதில் மூன்று மாதமாவது என் முட்டாள்தனத்தால் போனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆறு பாயிண்ட் எப்படிச் சேர்ப்பது, விசா எப்படி வாங்குவது என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இறங்கின பிறகு என்ன செய்வது என்றுதான் யாரும் சொல்வதில்லை.

முதலில் காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். விசாவில் 12 மாதம் என்று இருக்கும், ஆனால் வேலை தேட அத்தனையும் கிடைக்காது. முதல் ஆறு வாரம் வீடு, பதிவு, வங்கி என்று ஓடிவிடும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி இரண்டாம் வாரம் வரை எந்த எச்ஆரும் மெயில் திறப்பதில்லை. கோடை விடுமுறையிலும் பாதி அலுவலகம் காலி. கடைசி இரண்டு மாதம் புது அனுமதிக்கான காகித வேலைக்கு வேண்டும். மிஞ்சுவது ஏழெட்டு மாதம். இந்த அட்டையைப் பொதுவாக நீட்டிக்க முடியாது. தகுதிக்கேற்ற வேலைக்கான ஒப்பந்தம் கையில் இருந்தும் வேறு அனுமதி எதுவும் பொருந்தாமல் போனால் மட்டுமே நீட்டிப்பு என்ற பேச்சு வரும்.

1. ஊரிலிருந்து கிளம்பும் முன் வாங்க வேண்டிய ஒரு கடிதம்

பட்டச் சான்று, மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்று எல்லாம் எப்படியும் எடுத்து வருவீர்கள். வெளிநாட்டுப் பட்டங்களை ஜெர்மனி மதிப்பிட்டு வைத்திருக்கும் அனபின் என்ற தரவுத்தளத்தில் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு எச் பிளஸ் (அங்கீகாரம் உண்டு) என்று இருக்கும் பக்கத்தையும், உங்கள் பட்டம் ஜெர்மன் பட்டத்துக்கு நிகர் என்று காட்டும் பக்கத்தையும் அச்செடுத்து வைத்திருங்கள். பட்டம் கொடுத்த பல்கலையின் பெயரில் தேட வேண்டும். கல்லூரிப் பெயரில் தேடிவிட்டு 'இல்லை' என்று பதறாதீர்கள். பட்டம் அதில் இல்லையென்றால் சாப் என்ற மைய அலுவலகத்தில் ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும். கட்டணம் 208 யூரோ, காத்திருப்பு மாதக் கணக்கில். அதை ஊரிலேயே முடித்துவிட்டு வாருங்கள்.

பலரும் விட்டுவிடுவது அனுபவச் சான்றை. நம் ஊர் ரிலீவிங் லெட்டரில் 'இன்னார் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வேலை பார்த்தார், வாழ்த்துகள்' என்று மூன்று வரி இருக்கும். இங்கே ஆர்பைட்ஸ்ட்ஸோய்க்னிஸ் என்பது ஒரு பக்கமாவது வரும். என்ன இயந்திரம், என்ன பொறுப்பு, எத்தனை பேரை மேற்பார்த்தீர்கள், வேலை எப்படி இருந்தது என்று எல்லாம் அதில் வேண்டும். மேனேஜரிடம் நல்லபடியாகப் பேசி, நீங்களே எழுதிக்கொண்டு போய், லெட்டர்ஹெட்டில் அச்சடித்து சீலோடு வாங்கிவிடுங்கள். நான் இங்கே வந்த பிறகு கேட்டேன். பழைய மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். கடிதம் வர ஏழு வாரம்.

2. பதிவு செய்ய விடும் முகவரி

இங்கே எல்லாவற்றுக்கும் ஆணிவேர் அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு வாடகை ஒப்பந்தம் போதாது. வீட்டுக்காரர் கையெழுத்திட்ட வோனுங்ஸ்கேபர்பெஷ்டேடிகுங் என்ற ஒரு பக்கப் படிவம் வேண்டும். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், 'இவர் என் வீட்டில் இந்தத் தேதியில் குடிவந்தார்' என்பதுதான் மொத்தச் செய்தியே.

அறை பார்க்கும்போது முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: பதிவு செய்ய விடுவீர்களா? குறுகிய கால வாடகைக்கு விடுபவர்கள் பெரும்பாலும் மாட்டார்கள். நேரில் பார்க்காத வீட்டுக்கு ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் போட்டால் சாவி கூரியரில் வரும்' என்று அழகான படங்களோடு மெயில் வரும். அது மோசடி. உண்மையான முன்பணம் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது, அதுவும் ஹீட்டர், தண்ணீர்க் கட்டணம் சேராத அடிப்படை வாடகைக் கணக்கில்.

பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறை எனக்கு 420 யூரோ. முனிக், பிராங்க்ஃபர்ட் பக்கம் இந்த விலையை மறந்துவிடுங்கள். பணம் கரையும் வேகம் ஊரைப் பொறுத்தது, அதனால் எந்த ஊரில் இறங்குவது என்பதே வேலைத் தேடலில் பாதி.

பதிவுக்கான நேரம் ஆன்லைனில் எடுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் கிடைக்கவில்லையென்றால் முன்பதிவு செய்த மெயிலைப் பத்திரமாக வையுங்கள். காலை ஏழு, எட்டு மணிக்கு ரத்தான நேரங்கள் திறக்கும், அப்போது பாருங்கள்.

3. லெட்டர் பாக்ஸில் எந்தப் பெயர்?

சிரிக்காதீர்கள், இதில் எனக்கு ஒரு மாதம் போனது. இங்கே வீட்டுக் கதவுக்கு எண் கிடையாது. கீழே வரிசையாகத் தபால் பெட்டிகள், அதில் குடும்பப் பெயர். தபால்காரர் உறையில் உள்ள பெயரைப் பெட்டியில் தேடுவார், இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்.

என் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் அப்பா பெயர். பெட்டியில் நான் பெருமையாக ஒட்டியதோ என் பெயர். வரி அடையாள எண், அதாவது ஸ்டோயர் ஐடி, பதிவு செய்த இரண்டு மூன்று வாரத்தில் தபாலில்தான் வரும். அது அப்பா பெயருக்கு வந்து, அப்படி ஒருவர் இல்லை என்று திரும்பிப் போயிற்று. நான் பாட்டுக்குத் தினமும் காலியான பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஃபினான்ட்ஸ்ஆம்ட் என்ற வரி அலுவலகத்துக்குப் பாஸ்போர்ட்டோடு நேரில் போய் எண்ணை வாங்கினேன்.

பாஸ்போர்ட்டில் உள்ள இரண்டு பெயரையும் பெட்டியில் எழுதி ஒட்டுங்கள். சர்நேம் இடமே காலியாக இருப்பவர்கள் பதிவின்போது எப்படி எழுதுகிறார்கள் என்று திரையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். வங்கி, காப்பீடு, ரெஸ்யூமே எல்லாவற்றிலும் அதே வரிசை இருக்கட்டும். டாக்டரிடம் போனால் உங்கள் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். எழுந்து போக ஒரு மாதம் பழக வேண்டும்.

4. பணம் எங்கே போகிறது

விசாவுக்காகச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைக்கும் முடக்கக் கணக்கில் நான் கட்டியது மாதம் 1,027 வீதம் 12,324 யூரோ. 2025இல் அது மாதம் 1,091, மொத்தம் 13,092. இந்தப் பணம் மாதாமாதம்தான் திறக்கும், அதற்கு ஒரு ஜெர்மன் நடப்புக் கணக்கு வேண்டும். கணக்கு திறந்து முதல் தொகை வரும்வரை மூன்று நான்கு வாரம் ஆகலாம். கையில் தனியாக 2,000 யூரோவாவது இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். முன்பணம், முதல் வாடகை, குளிர் ஜாக்கெட் எல்லாம் அந்த முதல் மாதத்தில்தான் வரும்.

ஊரில் சில ஏஜென்ட்கள் 'கணக்கில் காட்டப் பணம் நாங்கள் தருகிறோம், அப்புறம் திருப்பிக் கொடுங்கள்' என்பார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். மாதம் 1,000 யூரோ வரும் என்று காகிதத்தில் இருந்து, வட்டியோடு அதைத் திருப்பிக் கட்டிக்கொண்டு இங்கே பட்டினி கிடந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

டாய்ச்லாண்ட் டிக்கெட் அவசியம். நான் வந்தபோது மாதம் 49 யூரோ, 2025இல் 58. நாடு முழுக்க பஸ், டிராம், பாசஞ்சர் ரயில். ஐசிஇ போன்ற விரைவு ரயிலில் செல்லாது. இது சந்தா, தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். நிறுத்த வேண்டுமென்றால் மாதம் 10ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும். பதிவு செய்த சில வாரத்தில் ஒலிபரப்புக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டுக் கடிதம் வரும். டிவி இல்லை என்று குப்பையில் போடாதீர்கள். ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம்தான், உடன் குடியிருப்பவர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய எண்ணை எழுதி அனுப்பினால் போதும்.

5. வாரம் 20 மணி நேர வேலை

இந்த விசாவில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை எந்த வேலையும் பார்க்கலாம். சொந்தத் தொழிலாகப் பார்க்கக்கூடாது. டெலிவரி வேலைகளில் சிலர் 'நீங்கள் ஃப்ரீலான்ஸர்' என்று கையெழுத்து வாங்குவார்கள், அங்கே போட்டுவிடாதீர்கள்.

நான் சூப்பர் மார்க்கெட்டில் காலை ஆறு முதல் பத்து வரை அலமாரி நிரப்பினேன். குறைந்தபட்சக் கூலி 2025இல் மணிக்கு 12.82 யூரோ. அந்த ஆண்டில் மாதம் 556 யூரோவுக்குள் என்றால் அது மினிஜாப் என்ற சிறு வேலை, மருத்துவக் காப்பீடு அதில் வராது. அதற்கு மேல் சம்பளம் என்றால் அரசுக் காப்பீட்டில் சேர்த்துவிடுவார்கள், ஊரிலிருந்து எடுத்து வந்த தனியார் பாலிசியை நிறுத்தலாம். அந்த பாலிசிகள் பல்வலிக்கே மூக்கால் அழுபவை. முடிந்தால் மினிஜாப்பைத் தாண்டிய வேலையாகவே எடுங்கள்.

ஸ்டோயர் ஐடி இல்லாமல் சேர்ந்ததால் என் முதல் சம்பளத்தில் ஆறாம் வகுப்பு வரி பிடித்தார்கள். அதுதான் இருப்பதிலேயே அதிகமான வகுப்பு. எண் கொடுத்த பிறகு சரிசெய்தார்கள்.

காலை வேலை எடுத்ததில் ஒரு லாபம்: பத்தரைக்கு மேல் பகல் முழுக்க நம் கையில், நேர்முகம் எல்லாம் அப்போதுதான் வரும். மாலையில் வயதுவந்தோர் கல்வி மையமான ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலேயில் ஜெர்மன் வகுப்பு. மார்ச்சில் அடுத்த நிலையான பி1 முடித்தேன். அதற்கு முன் வந்த அழைப்புகளையும் பின் வந்தவற்றையும் எண்ணிப் பார்த்தால் மொழி படிக்கச் செலவிட்ட காசு எதுவுமே வீண் இல்லை.

6. எங்கே தேடுவது

முதல் மூன்று மாதம் நான் பெரிய பெயர்களுக்கும் பெர்லினுக்கும் முனிக்குக்கும் மட்டுமே அனுப்பினேன். 120 விண்ணப்பம், இரண்டு அழைப்பு. மீதியில் பாதிக்குப் பதிலே இல்லை, மறுபாதியில் 'லைடர்' என்ற சொல். 'வருந்துகிறோம்' என்று அர்த்தம். போகப் போக முழு மெயிலும் படிக்க வேண்டியதில்லை, அந்தச் சொல் இருக்கிறதா என்று கண் தேடும், மூடிவிடலாம்.

ஜனவரியில் டோர்ட்முண்ட் தமிழ்க் கடை ஒன்றில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பேச்சுக் கொடுத்த யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர்தான் கண்ணைத் திறந்தார். முப்பது வருடமாக வார்ப்பட ஆலையில் வேலை பார்த்தவர். "தம்பி, நீங்கள் இரும்புக்காரர், பெர்லினில் என்ன தேடுறீங்கள்? ரயில் ஏறி சாவர்லாண்ட் பக்கம் போங்கோ" என்றார். ஈசர்லோன், லூடன்ஷைட், மெண்டன், பிளெட்டன்பெர்க், ஆர்ன்ஸ்பெர்க். மலையும் காடுமாகச் சின்னச் சின்ன ஊர். ஆனால் வார்ப்படம், உலைக்களம், ஸ்க்ரூ, குழாய், வாகன உதிரிப் பாகம் என்று குடும்பக் கம்பெனிகள் நிறைந்து கிடக்கின்றன. சொல்லப்போனால் மலை வைத்த பீளமேடு, கோவையில் ஆலைகள் நிறைந்த பகுதி.

அதன் பிறகு செய்தது இதுதான். பெடரல் வேலைவாய்ப்பு முகமையின் ஜாப்ஸூஹே தளத்தில் 50 கிலோமீட்டர் சுற்றளவு போட்டுத் தேடினேன். கூகுள் மேப்பில் ஒவ்வோர் ஊரின் தொழிற்பேட்டையையும் திறந்து கம்பெனிப் பெயரைக் குறித்து, அவர்கள் இணையதளத்தில் நேரே விண்ணப்பித்தேன். 'உங்கள் ஊருக்கே குடிவரத் தயார்' என்று கடிதத்தில் ஒரு வரி சேர்த்தேன். ஏ45 நெடுஞ்சாலையின் ராமேடே பாலம் 2021 டிசம்பரில் மூடப்பட்டதால் அப்போது லூடன்ஷைடுக்குத் தினமும் வந்துபோவது பெரும்பாடாக இருந்தது. உள்ளூரிலேயே இருப்பேன் என்பவரை அவர்கள் வேறு மாதிரி பார்த்தார்கள். அடுத்த 60 விண்ணப்பத்தில் ஒன்பது அழைப்பு.

நீங்கள் வேறு துறையென்றால் ஊர்ப் பெயர்கள் மாறும். உங்கள் கைத்தொழில் ஜெர்மனியின் எந்த மூலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அங்கே போய் இறங்குங்கள்.

7. விண்ணப்பம்

ரெஸ்யூமே இரண்டு பக்கம், ஜெர்மனில், நல்ல புகைப்படத்தோடு. ஒரு பக்கக் கடிதம். பிறகு சான்றுகள். எல்லாம் சேர்த்து ஒரே பிடிஎஃப், 5 எம்பிக்குள். மேலேயே ஒரு வரியில் விசா நிலையை எழுதுங்கள்: எது, எந்தத் தேதி வரை. மறைத்தால் சந்தேகம்தான் வளரும். சம்பள எதிர்பார்ப்பை ஆண்டுக்கு, பிடித்தம் போகாமல் எழுத வேண்டும். நம் ஊர் டேக் ஹோம் கணக்கு இங்கே வேண்டாம். தனியாளுக்கு ஆண்டுக்கு 48,000 யூரோ என்றால் கைக்கு மாதம் சுமார் 2,600 வரும்.

கோவையில் நான் ஜெர்மன் வாடிக்கையாளர்களுக்கு எட்டு டி ரிப்போர்ட் நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். ஒரு பாகம் பழுதாகத் திரும்பி வந்தால் காரணம் தேடி எழுதும் அறிக்கை. முதல் ரெஸ்யூமேயில் அது கடைசி வரியில் கிடந்தது. முதல் வரிக்குக் கொண்டுவந்த பிறகுதான் நேர்முகங்களில் பேச்சே தொடங்கியது. இங்கே தெரிந்த பெயரில் உங்கள் வேலையில் எது இருக்கிறதோ அதை மேலே வையுங்கள்.

8. கம்பெனியின் பயம், உங்கள் ஒரு பக்கம்

என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் இதை மட்டும் படித்தால்கூடப் போதும். சின்னக் கம்பெனிகளில் நம்மைத் தட்டிக்கழிப்பதற்குப் பாதி காரணம் காகிதப் பயம். விசா என்றாலே வக்கீல், ஆறு மாதம், அபராதம் என்று நினைக்கிறார்கள். இரண்டு நேர்முகம் நன்றாகப் போயும் 'எங்களுக்கு இதில் அனுபவமில்லை' என்று நின்றது.

மூன்றாவதற்கு ஒரு பக்கம் ஜெர்மனில் எழுதி எடுத்துப் போனேன். இப்போது என்னிடம் இருக்கும் அனுமதி எது. இன்றே என்ன செய்யலாம்: 20 மணி நேர வேலை, இரண்டு வாரம் வரை சோதனை வேலை. ஒப்பந்தத்துக்குப் பின் நான் கேட்கப்போவது எது: புளூ கார்டு (குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்கும் பட்டதாரிகளுக்கான அனுமதி), அது கிடைக்காவிட்டால் பட்டதாரிகளுக்கான 18பி அனுமதி. நீங்கள் நிரப்ப வேண்டியது ஒரே ஒரு படிவம்: எர்க்லேருங் ட்சும் பெஷெஃப்டிகுங்ஸ்ஃபெர்ஹெல்ட்னிஸ், அதாவது வேலை விவர அறிவிப்பு, வேலைவாய்ப்பு முகமையின் தளத்தில் இலவசம். அந்தப் படிவத்தையும் பின்னால் குத்தி வைத்தேன். அந்த எச்ஆர் அம்மாள் பேனாவை வரி வரியாக ஓட்டிக்கொண்டே வந்து, கடைசியில் நிமிர்ந்து, "தஸ் இஸ்ட் அலஸ்?" என்றார். அவ்வளவுதானா? அவ்வளவுதான் என்றேன்.

புளூ கார்டுக்கான சம்பள வரம்பு 2025இல் ஆண்டுக்கு 48,300 யூரோ. இன்ஜினியர், ஐடி போன்ற ஆள் பற்றாக்குறைத் துறைகளுக்கும் புதுப் பட்டதாரிகளுக்கும் 43,759.80. வருடா வருடம் மாறும், பேரம் பேசும் முன் அந்த ஆண்டின் எண்ணைப் பாருங்கள்.

9. சோதனை வேலை

புரோபே ஆர்பைட். ஒரு கம்பெனியில் அதிகபட்சம் இரண்டு வாரம். அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். பலருக்கு இந்த விசாவில் அது முடியும் என்றே தெரியாது. நான் ஐந்து நாள் போனேன். முதல் நாளே பாதுகாப்புக் காலணி சொந்தமாகக் கொண்டுபோனதை ஃபோர்மேன் கவனித்தார். எழுத்தில் ஒரு வரியாவது வாங்காமல் போகாதீர்கள்: எந்த நாள் முதல் எந்த நாள் வரை, என்ன வேலை.

10. ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன்

ஆள்வழங்கும் நிறுவனங்கள், இங்கே ட்சைட்ஆர்பைட் என்பார்கள், உங்களைத் தேடித் தேடி அழைக்கும். பகுதி நேர வேலைக்குச் சரி. முழு நேர வேலைக்கு அவர்களிடம் கையெழுத்துப் போட்டால் பெடரல் வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதல் தேவைப்படும் அனுமதிகளில் ஒப்புதல் மறுக்கப்படும். சட்டத்திலேயே இருக்கிறது. உங்களை வேலைக்கு எடுப்பது யார், உண்மையில் வேலை செய்வது எங்கே, இரண்டும் ஒன்றா என்று கேளுங்கள்.

வேலையின் பெயரும் விவரமும் உங்கள் பட்டத்தோடு பொருந்த வேண்டும். இன்ஜினியர் வேலைக்கு எடுத்துவிட்டு ஒப்பந்தத்தில் 'உதவியாளர்' என்று எழுதியிருந்தால் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். தொடங்கும் தேதியைக் கல்லில் வெட்டாமல் 'அனுமதி கிடைத்ததும்' என்று போடச் சொல்லுங்கள்.

11. வெளிநாட்டவர் அலுவலகம்

ஆவ்ஸ்லெண்டர்பெஹோர்டே. ஒப்பந்தம் வந்த அன்றே விண்ணப்பியுங்கள், விசா முடியும் தேதிக்கு முன்பே அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வேண்டியவை: பாஸ்போர்ட், பயோமெட்ரிக் படம், ஒப்பந்தம், கம்பெனி நிரப்பிய படிவம், பட்டச் சான்று மொழிபெயர்ப்போடு, அனபின் அச்சு, பதிவுச் சான்று, வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுச் சான்று. கட்டணம் 100 யூரோ. அனுப்பிய மெயிலை, தேதியோடு, அச்செடுத்து வையுங்கள்.

விசா முடிந்து பதில் வராவிட்டால் ஃபிக்‌ஷியோன்ஸ்பெஷைனிகுங் என்ற இடைக்காலத் தாள் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு முழு நேர வேலையில் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். அந்தத் தாள் பழைய அனுமதியைத்தான் நீட்டுகிறது, அதாவது அதே 20 மணி நேரம். முழு வேலை பார்க்கலாம் என்று அலுவலகம் எழுத்தில் சொன்ன பிறகே போங்கள். எனக்கு விண்ணப்பித்ததிலிருந்து அந்த எழுத்து வர ஏழு வாரம் ஆனது. கம்பெனி வாராவாரம் கேட்டது, நான் வாராவாரம் மெயில் போட்டேன். ஜூலை நடுவில் சேர்ந்தேன், அட்டை அதற்குப் பிறகு வந்தது.

அட்டை கைக்கு வந்ததும் அதன் நகலை முடக்கக் கணக்குக்காரர்களுக்கு அனுப்பி மீதிப் பணத்தை விடுவிக்கச் சொல்லுங்கள். சிலர் வெளிநாட்டவர் அலுவலகத்தின் விடுவிப்புக் கடிதமும் கேட்பார்கள், அட்டை வாங்கப் போகும்போதே அதையும் கேட்டு வாங்கிவிட்டால் இன்னொரு முறை நேரம் பதிய வேண்டாம். ஊர் மாறினால் புது ஊரில் மறுபடி இரண்டு வாரத்துக்குள் பதிவு. பெட்டியில் பெயர் ஒட்ட மறக்காதீர்கள்.